நிலாமுறைத் தண்ணீர்

கமலையின் தோல்வாய்க்குப் புங்க எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் செவந்தி. கிணற்றுக்குள் சால் என்கிற இரும்புத் தொட்டியை இறக்கி, மாடு பூட்டி இழுத்து, தண்ணீரை மேலே கொண்டுவந்து கொட்டுவது கமலை. சாலின் அடியில் தொங்கும் தோல் விறைத்து வெடித்துவிட்டால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய தோல் விரலுக்கு அடங்கவில்லை. மடித்து மடித்துப் பிசைய வேண்டியிருந்தது. ராசு உயிரோடு இருந்தால் இது அவன் வேலை. அவன் சித்திரை மாதத்துக் காய்ச்சலில் போய்விட்டான். இன்றைக்கு ஊர் கூடி, அவளுக்கும் ராசுவின் அண்ணன் பெரியகருப்பனுக்கும் பங்குக் கிணற்றில் முறை பிரித்துவிடப் போகிறது. எப்படிப் பிரித்தாலும் தோல் வேண்டும் அல்லவா என்று உட்கார்ந்து தேய்த்தாள்.

விராலிமலைக்குக் கிழக்கே மேலப்பாறைப்பட்டி. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. ஊர்க்காரர்களுக்கு அந்தச் சேதியைவிட அந்த வருஷம் மழை தப்பிப்போனதுதான் நினைவில் நின்றது.

புருஷன் செத்தவள் வேறொருவனை அறுத்துக் கட்டுவது அவர்கள் வகையறாவில் வழக்கம்தான். கருமாதி முடிந்த கையோடு செவந்தியின் அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். பெரியகருப்பனும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். அவள் பிறந்த ஊருக்குப் போய்விட்டால் ராசுவின் நிலமும் கிணற்றில் பாதியும் தன்னோடு வந்து சேர்ந்துவிடும். செவந்தி போகவில்லை. ஏழு வயது மகள் அழகியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "நான் இங்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். பெரியகருப்பனுக்கு அன்றிலிருந்து முகம் மாறியது.

ராசு இருந்தவரை ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அண்ணனுக்கு ஒருநாள், தம்பிக்கு ஒருநாள். கூட்டத்தில் பெரியகருப்பன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"கெணறு வெட்டுனப்ப பாறைக்கு வெடி வச்சது நானு. தம்பி அப்ப சின்னப் பய. இப்ப ஒரு பொம்பள ஊரே பாக்கப் பட்டப்பகல்ல கமலை ஓட்டுனா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தான் அசிங்கம். ராத்திரியில எறைக்கட்டும், நான் வேணாம்னு சொல்லலை."

"ராத்திரி இருட்டுல எப்புடி மச்சான் எறைக்கிறது? மண்ணெண்ணெய் ரேஷன்ல ஒரு போத்தல் குடுக்குறான். அத வீட்டுல ஏத்துறதா, கெணத்துல ஏத்துறதா?" என்றாள் செவந்தி.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சேவுகன் அம்பலம். நல்ல மனுஷர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"இங்க பாருங்கப்பா. சூரியன் இருக்குறமட்டும் தண்ணி பெரியகருப்பனுக்கு. நிலா இருக்குறமட்டும் தண்ணி செவந்திக்கு. சாமி ரெண்டையும் சமமாத்தான படைச்சு விட்டிருக்கு. அவன் வெளிச்சத்துல அவன் எறைக்கட்டும், அவ வெளிச்சத்துல அவ எறைக்கட்டும்."

கேட்பதற்கு அப்படியொரு அழகு. கூட்டம் தலையாட்டியது. ஒருவர் அம்பலத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். செவந்திக்கும் அந்த நேரம் அது நியாயமாகத்தான் பட்டது. பௌர்ணமி நெருங்கிய நாள் அது. அவள் வீடு திரும்பும்போதே கிழக்கே நிலா தாம்பாளம் போல ஏறியிருந்தது. ஊரெல்லாம் பால் ஊற்றினாற்போல வெளிச்சம். எண்ணெய் தேய்த்த தோலைச் சாலில் கட்டி, அன்று இரவே மாட்டைப் பூட்டினாள்.

ஒரு மாதம் சுற்றி வருவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது.

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை மேற்கே நகக் கீறல் போலத் தெரியும். மாட்டைப் பூட்டி நாலு சால் இறைப்பதற்குள் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். பகல் முழுக்கப் பெரியகருப்பன் வற்றடித்துவிட்டுப் போன கிணற்றில் அந்த நேரத்துக்குச் சேறுதான் வரும். பிறை வளர வளர, விழுகிற நேரம் தள்ளிப்போகும். பாதி நிலா நடுச்சாமம் வரை நிற்கும். அது விழுந்த பிறகு விடிகிறவரை கிணறு சும்மா ஊறும். ஊறியது எல்லாம் காலையில் அவருக்கு. பௌர்ணமியை ஒட்டிய இரவுகள் முழுக்க அவளுடையவை. அந்த நாட்களில் அவள் தூங்குவதில்லை. அது கழிந்தால் நிலா கிளம்பவே தாமதிக்கும். தேய்பிறையில்தான் அவளுக்குக் கொஞ்சம் லாபம். பொழுது சாய்ந்து நிலா கிளம்பும்வரை கிணறு ஊறிக் கிடக்கும். ஆனால் கிளம்பும் நேரம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் விடியலோடு ஒட்டிக்கொள்ளும். கிணறு வாய்முட்ட நிற்கும். சாலை இறக்கி ஏற்றினால் கிழக்கே சூரியன் வந்துவிடும். பெரியகருப்பன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வரப்பில் வந்து நிற்பார்.

"அவுத்துவிடு மாட்ட" என்பார். அவ்வளவுதான்.

அப்புறம் நிலா இல்லாத நாட்கள். அவள் கிணற்றடிக்கே போக வேண்டியதில்லை.

ஒருதரம் தேய்பிறைக் காலையில் அவள் மாட்டை அவிழ்க்கவில்லை. மேற்கே ஆகாயத்தில் நிலா வெளுத்துப்போய் நின்றது.

"நிலா நிக்குது பாருங்க மச்சான். நிலா இருக்குறமட்டும் எனக்குன்னுதான சொன்னாக."

பெரியகருப்பன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது நிலாவா? நமுத்துப்போன அப்பளமாட்டம் கெடக்கு. அத வச்சு நீ வெத்தலையில சுண்ணாம்புகூடத் தடவ முடியாது."

வழக்கு மறுபடியும் அம்பலத்திடம் போனது. அவர் இந்த முறை தாடையைத் தடவக்கூட இல்லை. "வெளிச்சம் குடுக்குறதுதான் நிலா. சூரியன் வந்துட்டா நிலா இருந்தாலும் இல்லாத மாதிரிதான்" என்றார். இதுவும் கேட்க அழகாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊருக்கு அந்தக் கிணறு ஒரு வேடிக்கை. சிரித்தவர்களில் யார் யார் என்பதை மட்டும் செவந்தி பார்த்து வைத்துக்கொண்டாள்.

நிலாவுக்குத் தகுந்த வெள்ளாமை எது என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சில வருஷம் பிடித்தது. கத்தரி தாங்கவில்லை. கேழ்வரகு நாற்றை நட்ட வாரத்தில் இருட்டு வந்தால் போச்சு. மிளகாய்தான் கொஞ்சம் முரட்டுச் செடி. வாடும், தண்ணீர் கண்டால் திரும்ப எழுந்திருக்கும். நிலா இல்லாத நாட்கள் பூப்பிடிக்கிற சமயத்தில் வராதபடி கணக்குப் பண்ணி நட்டாள். பஞ்சாங்கம் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு எப்போது கிளம்பும், எப்போது விழும் என்பது அவளுக்குப் பசி எடுப்பதுபோலத் தெரிந்தது.

மாட்டை அவள் ஓட்டுவாள். பாத்திக்குப் பாத்தி மடையைத் திருப்பிவிடுவது அழகியின் வேலை. பிள்ளை மடையிலேயே தூங்கி விழும். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டால் செவந்தி ஓடி வந்து முதுகில் ஒன்று வைப்பாள். பகலில் செவந்தி அடித்துப் போட்டதுபோலக் கிடப்பாள். அந்த நேரம் அழகி பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். பெரியகருப்பனின் மனைவி மீனம்மாள் அதற்குத் தலைவாரிவிட்டு, தன் மகன் நாகராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவாள். "ஒங்காத்தாகிட்டச் சொல்லாத" என்பாள். செவந்திக்குத் தெரியும். பிள்ளை எண்ணெய் மினுங்கும் தலையோடு திரும்பி வந்தால் தெரியாமலா போகும். கேட்டால் பிள்ளையின் சோறு நின்றுபோகும் என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

கணக்குத் தப்பியது ஒரு மாசி மாதம். மழை பிந்தி நடவும் பிந்தியதில், மிளகாய் பூத்து நின்ற வாரத்தில் நிலா இல்லாமல் போய்விட்டது. வெயில் முன்கூட்டியே ஏறியது. பூ கொட்டத் தொடங்கியது. செவந்தி இருட்டோடு எழுந்து, கிணற்றுப் படியில் இறங்கி, பானையில் தண்ணீர் மொண்டு, செடி செடியாக ஊற்றினாள். கமலை இறைக்கத்தானே முறை, பானையில் மொள்ள என்ன முறை என்று நினைத்தாள். இரண்டு வரிசை முடிந்தபோது விடிந்துவிட்டது. பெரியகருப்பன் வந்தார். அழகியும் தூக்கக் கலக்கத்தோடு ஆத்தாளைத் தேடி வந்து நின்றது.

அவர் வையவில்லை. அவள் இடுப்பிலிருந்த பானையை வாங்கினார். செடிக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் பொட்டல் மண்ணில் கவிழ்த்தார். மண் அதை உறிஞ்சி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறும் பானையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"முறைன்னா முறைதான், செவந்தி."

செவந்தி பானையை வாங்கிக்கொண்டு நடந்தாள். அன்று அவள் அழுதாள் என்று ஊரில் யாரும் சொல்ல முடியாது. அடுத்த சந்தையில் அவள் காளைக் கன்று ஒன்று வாங்கினாள். கன்னங்கரேல் என்று இருந்தது. அது வளர்ந்து கமலைக்குப் பழகியதும் அதற்குப் பெரியகருப்பன் என்று பேர் வைத்தாள்.

அதிலிருந்து நிலா இரவுகளில் மேலப்பாறைப்பட்டிக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கிணற்றடியிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்கும்.

"ஏ பெரியகருப்பா, தின்ன தீனிக்கு நடடா. ஊரான் சொத்தத் தின்னுப்புட்டு ஒடம்பு வலிக்குதா ஒனக்கு?"

பெரியகருப்பன் அம்பலத்திடம் முறையிட்டார். அம்பலம் ஆள் அனுப்பிக் கேட்டார். "மாடு கருப்பா இருக்கு, பெருசாவும் இருக்கு. வெள்ளச்சின்னா கூப்புட முடியும்?" என்று சொல்லி அனுப்பினாள் செவந்தி. அந்த முறை ஊர் அவள் பக்கம் நின்று சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பால் அவளுக்கு எதுவும் ஆறவில்லை. மாடு சாட்டையடி பட்டதுதான் மிச்சம். பானை கவிழ்ந்த இடத்தை அவள் தினமும் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம், இந்த ஆளின் வாயால் 'தண்ணி' என்று தன்னிடம் கேட்க வைக்க வேண்டும், அதைக் காதால் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் கால் வலி குறைந்தது.

மிளகாயே அழகியைக் கட்டிக்கொடுத்தது. விராலிமலை ரோட்டோரத்தில், திருச்சி மதுரை லாரிகள் நிற்கிற இடத்தில், டீக்கடை வைத்திருந்த நல்லதம்பிதான் மாப்பிள்ளை. கல்யாணத்தில் பெரியகருப்பனும் மீனம்மாளும் பெரியப்பா பெரியம்மாவாக முன்னால் நின்றார்கள். நாகராசு அண்ணன் முறைக்கு எல்லாம் செய்தான். செவந்தி யாரையும் தடுக்கவும் இல்லை, யாரோடும் பேசவும் இல்லை.

அழகி போன பிறகு மடை திருப்ப ஆளில்லை. மாட்டையும் ஓட்டி, ஓடிப்போய் மடையையும் திருப்பி, அவளே பார்த்தாள். அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் கரண்ட் வந்தது.

நாகராசு புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்தவன். நல்ல பிள்ளை, அப்பனைப் போல வன்மம் பிடித்தவன் இல்லை. மோட்டார் வைத்துவிட்டால் மாட்டுக்கும் ஆளுக்கும் வேலையில்லை, நெல்லே போடலாம் என்று நினைத்தான். கிணற்றைப் பார்க்க ஓவர்சீயர் வந்தார். பெரியகருப்பன் பக்கத்துக் கரை இளகின மண். மோட்டார் ரூமுக்குக் கெட்டியான இடம் செவந்தியின் பக்கம்தான், கம்பம் நடுவதும் அவள் வரப்பில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகராசு நேரே அவள் வீட்டுக்கு வந்தான்.

"சின்னாத்தா, ரூமு கட்ட எடம் விடுங்க. மோட்டாரு செலவு பூராம் என்னது. நீங்களும் ஓட்டிக்கங்க. இனிமே நீங்க மாட்டு வாலப் புடிச்சுக்கிட்டு அலைய வேணாம்."

"எடந்தான? எடுத்துக்க."

அவன் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. "முறை?" என்றான்.

"முறை அம்பலம் வச்ச முறைதான். மாத்த நான் யாரு. ஆளத்தான் மாத்திக்கிருவோம். வயசாச்சு எனக்கு, ராத்திரி கண்ணு தெரியலை. சூரியன் இருக்குறமட்டும் நான் ஓட்டிக்கிறேன். நிலா இருக்குறமட்டும் நீ ஓட்டிக்க."

நாகராசு சிரித்துவிட்டான். "சுவிட்ச தட்டுனா ஒரு மணி நேரத்துல கெணத்தையே காலி பண்ணிப்புடும் சின்னாத்தா. நிலா கொஞ்ச நேரம் இருந்தாப் போதும் எனக்கு."

"அப்பறம் என்ன. நாளைக்கு அம்பலத்துக்கிட்ட வச்சுச் சொல்லிருவோம்."

சேவுகன் அம்பலத்துக்குக் காது மந்தமாகிவிட்டது. இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், "நான் சொன்னதத்தான திருப்பிச் சொல்லுது. நல்லதுதான்" என்றார். "சூரியன் வந்துட்டா நிலா இருந்தாலும் இல்லாத மாதிரிதான்னு சொன்னீங்களே, அதும் உண்டுதானுங்க?" என்று செவந்தி பணிவாகக் கேட்டாள். அதுவும் உண்டு என்றார்.

அன்று மாலை நாகராசு வீட்டில் சொன்னபோது, சில மாதமாக நோவில் கிடந்த பெரியகருப்பன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கும்பாவைக் கீழே வைத்தார்.

"ஒத்துக்கிட்டியா?"

"ஆமாப்பா. ஏன்?"

பெரியகருப்பனுக்கு எல்லாம் தெரியும். மோட்டார் தண்ணீரை இறைக்கும், ஊற வைக்காது. பகலெல்லாம் அவள் வற்றடித்துவிட்டுப் போனால், வளர்பிறைத் தொடக்கத்தில் அந்தியில் கொஞ்ச நேரம் நிற்கிற பிறைக்கு மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். பிறை விழுந்த பிறகு ஊறுவது எல்லாம் காலையில் அவளுக்கு. நிலாவே இல்லாத நாட்கள் அதற்கு முன்னால். சேர்த்துப் பார்த்தால் பத்து நாள் போல வயல் காயும். கோடையில் நெல் அதைத் தாங்காது. இதை மகனிடம் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் இது அநியாயம் என்று சொன்னால், பதினைந்து வருஷமாக அது என்னவாக இருந்தது என்று மகன் கேட்பான். கேட்காவிட்டாலும் நினைப்பான்.

"நெல்லுப் போடாத. கம்பு போடு" என்றார்.

"மோட்டாரு வச்சுப்புட்டுக் கம்பா? ஊரு சிரிக்கும்ப்பா."

பெரியகருப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியை மீனம்மாள் எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாகராசு தையில் நெல் நட்டான். முதல் மாதம் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரவு முழுக்க மோட்டார் ஓடியது. தேய்பிறையிலும் குறையில்லை. இருட்டு நாட்களில் நாற்று சற்று வெளிறியது. குளிர் இன்னும் இருந்ததால் பிழைத்துக்கொண்டது. பங்குனியில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயத்தில் மறுபடியும் அமாவாசை வந்தது. இப்போது வெயில் கொதித்தது. கிணற்றின் ஊற்றும் சுருங்கிவிட்டது.

செவந்திக்கு அந்தச் சமயத்தில் அத்தனை தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. மிளகாய் பழமெடுத்து முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஆகும் கீரையும் மாட்டுக்குக் கொஞ்சம் சோளப் பயிரும்தான் நிலத்தில் நின்றன. ஆனாலும் விடிந்ததும் மோட்டார் ரூம் சாவியை நாகராசுவிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். சோளத்துக்குப் பாய்ச்சியது போக, மடையைத் திருப்பிக் கருவேலம் முளைத்துக் கிடந்த தரிசில் விட்டாள். முள்ளுக்குள் தண்ணீர் பாய்ந்து குளம்போல நின்றது. மயில்கள் வந்து குடித்துவிட்டுப் போயின. வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் வயல் வெடித்துக் கிடந்தது. கிணற்றில் சேறு தெரிகிறவரை ஓட்டிவிட்டு, பொழுது சாயும்போது சுவிட்சை அணைத்து, சாவியை நாகராசுவிடம் கொடுப்பாள்.

"இந்தாப்பா, ஒன் முறை."

மூன்றாம் நாள் நாகராசு வாயைத் திறந்தான். "சின்னாத்தா, கதிரு பதராப் போயிரும். ஒரு வாரத்துக்குக் காலையில ஒரு மணி நேரம் விடுங்க. அடுத்த மாசம் என் முறையில கழிச்சுக்கங்க."

"ஒங்கப்பாவ வந்து கேக்கச் சொல்லு."

"அவரு படுத்த படுக்கையா கெடக்காரு."

"வாய் பேசுறாருல்ல?"

நாகராசு போய்விட்டான். பெரியகருப்பன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சேதி சொல்லி அனுப்பினார் என்றுகூட இல்லை. செவந்தி ஒவ்வொரு காலையும் தரிசில் தண்ணீர் விட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவர் வீட்டு வாசலைப் பார்த்தாள். மகன் வயல் காய்ந்தாலும் காயட்டும், இவளிடம் கேட்பதில்லை என்று அந்த ஆள் கிடக்கிறாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. பயிரைக் காயவைத்தும் அவரைக் கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அழகி விராலிமலையிலிருந்து குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, பேர் காத்தாயி. வளர்பிறையில் மலைக்கோயிலில் வைத்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அழகிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. நாகராசுதான் மாமன். வந்த அன்றே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் முள்ளுக்குள் நின்ற தண்ணீரையும் பார்த்தாள், பக்கத்து வயலையும் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது செவந்தி உள்ளறையில் மிளகாய்ச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். அழகி குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் வரலேன்டுச்சு."

செவந்தி நூலைப் பல்லால் கடித்தாள். "ஏனாம்?"

"எம்மேல கோவமில்லையாம். ஆனா அந்தக் காட்டப் பாத்துட்டு வந்து சீரு செய்ய மனசு வரலையாம். பெரியாத்தா அழுவுது."

"அழுவட்டும்."

"எம்மாமியா கேக்கும் ஆத்தா. மாமன் எங்க, மாமன் ஏன் வரலேன்னு நாலு பேருக்கு முன்னால வச்சுக் கேக்கும். நான் என்ன சொல்ல? எங்காத்தா முள்ளுக்குத் தண்ணி பாய்ச்சுதுன்னு சொல்லவா?"

"சொல்லு. அவரு செஞ்சதையும் சேத்துச் சொல்லு."

"எனக்குத் தெரியாதா அவரு செஞ்சது? நான் நின்னு பாத்தவதான." அழகியின் குரல் ஏறவில்லை. "மடையில நின்னு நின்னு எங்காலு அழுகிப்போச்சு. அதும் எனக்குத் தெரியும். பசிச்சப்ப யாரு வீட்டுல தின்னேன்னும் எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும்."

செவந்தி ஊசியைச் சாக்கில் குத்தி அப்படியே விட்டாள்.

"பெரியப்பாவப் போயிப் பாத்தேன்" என்றாள் அழகி. "செவுத்தப் பாத்துப் படுத்திருக்காரு. கூப்புட்டா திரும்பலை. அந்த ஆளு கேக்க மாட்டாரு ஆத்தா. செத்தாலும் கேக்க மாட்டாரு. நெல்லுக் கருகுனா அண்ணன்தான் கடங்காரனாவான். அவரு என்ன, இன்னும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ."

"அப்ப நான்?"

"நீ என்ன?"

"நான் எத வச்சுக்கிட்டு இருக்குறது?"

குழந்தை நகர்ந்து வந்து பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. தலைப்பில் முடிந்திருந்த சாவி தரையில் தட்டியது. குழந்தை அதைப் பிடித்து வாயில் வைக்கப் போனது. செவந்தி மெல்ல அதன் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தாள். அதன் எச்சிலைச் சேலையில் துடைத்தாள். வெறும் காது மடலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

வெளியே வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"சொல்லு ஆத்தா. எம்புள்ளைய எந்த மடியில வச்சுக் காது குத்துறது?" என்றாள் அழகி.

செவந்தி கையை ஊன்றி எழுந்தாள். பிறகு சாவியை இடுப்பில் செருகி, மடை திருப்பும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிலையைத் தாண்டி நெல் வயல் பக்கம் போனாள்.